முடியாதவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள்

வணக்கம். நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று மானுடவியலாளர் மார்கரெட் மீடிடம் ஒரு மாணவர் கேட்டாராம். பானையும் இல்லை, தூண்டில் முள்ளும் இல்லை, முறிந்து ஆறிய ஒரு தொடை எலும்பு என்றாராம் அவர். கால் முறிந்த விலங்கு பிழைக்காது, மனிதர் பிழைத்தார் என்றால் யாரோ கூட இருந்திருக்கிறார்கள் என்று விளக்கமும் வரும். இது உண்மையா? ஆதிமனிதர்கள் முடியாதவர்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கும் அது பலமுறை வந்திருக்கிறது. மீட் அப்படிச் சொன்னதற்கு நம்பும்படியான பதிவு கிடையாது. விலங்குகளைப் பற்றிச் சொல்வதும் சரியில்லை. காட்டில் வாழ்ந்த கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகள் பலவற்றில் முறிந்து தானாகவே கூடிய எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். கோணலாகக் கூடியிருக்கும், ஆனாலும் கூடியிருக்கும். ஆகவே ஆறிய எலும்பு ஒன்றை வைத்து மட்டும் யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு இந்தக் கதையைவிடப் பலமான சான்று மண்ணுக்குள்ளேயே இருந்தது.

வடக்கு வியட்நாமின் நின் பின் மாகாணத்தில் மான் பாக் என்ற இடத்தில், ஏறக்குறைய 4000 ஆண்டு பழைய இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். 2007-ல் அங்கே ஓர் இளைஞரின் எலும்புக்கூடு கிடைத்தது. மற்றவர்களைக் கால் நீட்டிப் புதைத்திருக்க, இவர் மட்டும் கைகால் மடங்கிச் சுருண்டு கிடந்தார். எலும்புகள் குச்சிபோல மெலிந்திருந்தன. கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கிளிப்பல்-ஃபைல் என்னும் பிறவிக் குறைபாடு அது. பதின்வயதிலேயே இடுப்புக்குக் கீழே செயலிழந்து, கைகளையும் சரியாக அசைக்க முடியாமல், அதன் பிறகும் சுமார் 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் என்று ஆய்வாளர்கள் லோர்னா டில்லியும் மார்க் ஆக்ஸன்ஹாமும் கணித்தார்கள். மீன் பிடித்து, வேட்டையாடி, பன்றி வளர்த்துப் பிழைத்த ஊர். உலோகம் கூட வந்து சேராத காலம்.

10 ஆண்டுகள் என்றால் என்ன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் பெரியப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தது 14 மாதம்தான். வாட்டர் பெட் போட்டிருந்தோம். அப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பெரியம்மா எழுந்து, தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து அவரைப் புரட்டிவிடுவார். ராத்திரியில் அலாரம் வைத்துக்கொண்டுதான் தூங்கினார். ஒரே ஒருமுறை, ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால் பெரியப்பாவின் வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருந்தது. அடுத்த வாரம் விரல் நுழையும் அளவுக்குப் புண்.

மான் பாக்கில் வாட்டர் பெட் ஏது? அந்த இளைஞருக்கு ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, மலஜலம் எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, 10 ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. முறைவைத்துத்தான் செய்திருக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போகலாம். போர்னியோவின் லியாங் டெபோ குகையில் சுமார் 31,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவருக்கு இடது காலின் கீழ்ப்பகுதி இல்லை. சிறு வயதிலேயே அறுத்து எடுத்திருக்கிறார்கள். விபத்தில் போயிருந்தால் எலும்பு நொறுங்கியிருக்கும், இது சுத்தமான வெட்டு. சீழ் பிடித்த தடயமும் எலும்பில் இல்லை. அதற்குப் பிறகு 6 முதல் 9 ஆண்டுகள் இருந்திருக்கிறார் என்கிறது 2022-ல் வெளியான ஆய்வு. ஈரம் காயாத மழைக்காட்டில், கரடுமுரடான சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, ஒற்றைக் காலோடு.

யாரையுமே கைவிட்டதில்லை என்று நான் சொல்லவில்லை. கவனிப்பார் இல்லாமல் ஒரே வாரத்தில் செத்துப்போனவரின் எலும்பில் ஆறிய தடம் எதுவும் இருக்காது. ஆனால் கைவிடுவதுதான் அவர்கள் வழக்கம் என்று நாம் கேட்டு வளர்ந்தது தப்பு.

அப்புறம், மான் பாக் இளைஞர் சுருண்டு கிடந்ததைச் சொன்னேன் அல்லவா? நீங்கள் தினமும் பார்க்கிற காண்ட்ராக்சர்தான் அது என்று எனக்குப் படுகிறது. உயிரோடு இருந்தபோதே அவர் மூட்டுகள் அப்படி இறுகியிருக்கும். ஊர் வழக்கத்துக்காகக் காலை நிமிர்த்தி முறிக்க அவர்களுக்கு மனசு வந்திருக்காது. படுத்திருந்த வாக்கிலேயே குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள்.

அன்புடன்.