வாசகர் கேள்வி: பர்சீம் வயல்ல காபிப்பொடி களை!

கேள்வி: ஐயா, ஹரியானால கர்நால் பக்கம் குத்தகை நிலத்துல 4 எருமை வச்சிருக்கோம், சொந்த ஊரு தாராபுரம். அக்டோபர்ல பர்சீம்னு ஒரு தீவனப்பயிர் விதைச்சோம், முதல் அறுப்புல தழையே தேறல, நடுவுல முள்ளங்கி இலை மாதிரி ஒரு களை வேற. போன வாரம் ஒரு எருமைக்கு வயிறு உப்பிடுச்சு. விதை சரியில்லையா? ஊர்லயும் இதைப் போடலாமா?

பதில்: தம்பி, அந்தக் களை காஸ்னி, அதாவது நாம காபில கலக்குற சிக்கரியேதான், பர்சீம் விதையோட கலந்தே வந்துடும். அடுத்த தடவை 1 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் உப்பு கரைச்சு விதையக் கொட்டுங்க, காஸ்னி மிதக்கும், அள்ளி வீசிட்டு நல்ல தண்ணில கழுவிடுங்க. முதல் அறுப்பு எப்பவுமே கம்மிதான், அதுக்குத்தான் அங்க ஏக்கருக்கு 8-10 கிலோ பர்சீமோட அரைக்கிலோ கடுகும் கலந்து விதைப்பாங்க. ஒரு செடிய வேரோட புடுங்கி வேர்ல இருக்குற முடிச்ச நசுக்கிப் பாருங்க, உள்ள ரோஸ் கலரா இருந்தா தழைச்சத்து பிடிக்குதுன்னு அர்த்தம், இல்லன்னா அந்த நிலத்துல பர்சீமுக்கு ஏத்த ரைசோபியம், அதாவது தழைச்சத்து பிடிச்சுக் கொடுக்குற பாக்டீரியா இல்ல, அடுத்த போகத்துக்கு அத விதையோட கலந்து விதைநேர்த்தி பண்ணியே ஆகணும். இனிமே 25-30 நாளைக்கு ஒருதரம் அறுக்கலாம், கடைசித் தழைய மட்டும் ஆசைப்படாம மடக்கி உழுதுடுங்க, அடுத்து போடுற பயிருக்கு யூரியா செலவு குறையும்.

எருமை விஷயம் விதையால இல்ல. இளசா ஈரமா இருக்குற பர்சீம வெறும் வயித்துல போட்டா உப்பத்தான் செய்யும், பூசாவ, அதாவது கோதுமை வைக்கோல முதல்ல தின்னவிட்டு அப்புறம் கலந்து போடுங்க. இடது பக்கம் மத்தளம் மாதிரி எழும்பிடுச்சுன்னா கைவைத்தியம் பாக்காம டாக்டரக் கூப்பிடுங்க.

தாராபுரத்துக்கு மட்டும் வேணாம். எகிப்துல இருந்து வந்த பயிர்தான், ஆனா குளிர்ல தழையுற சாதி, நம்மூரு மார்கழி அதுக்குப் பத்தாது. அங்க குதிரைமசால் போடுங்க, ஜூலைல இருந்து டிசம்பருக்குள்ள விதைச்சா 75-90 நாள்ல முதல் அறுப்பு, அதுக்கப்புறம் மாசாமாசம். அதத் தின்னாலும் உப்புசம் வரும், பூசாவுக்குப் பதிலா சோளத்தட்ட முதல்ல போடுங்க.