சைக்கிளில் கேரியர் மாட்டிய பிறகு கடைசி கியரில் ‘டக் டக்’ சத்தம்

கியரைத் திருக வேண்டாம். கேரியரின் வலப்பக்கக் கீழ் போல்ட்டைப் பாருங்கள்.

கடைசி கியரில், அதாவது பின்னால் உள்ள ஆகச் சிறிய பல்சக்கரத்தில் மட்டும் சத்தம் என்கிறீர்கள். அப்படியென்றால் போல்ட் தேவைக்கு மேல் நீளமாக இருந்து, அதன் முனை ஃபிரேமுக்கு உள்ளே நீட்டிக்கொண்டு செயினில் உரசுகிறது என்றே நினைக்கிறேன்.

பின்சக்கரத்தைத் தூக்கி, அதே கியரில் பெடலைச் சுற்றிப் பின்னாலிருந்து பாருங்கள். போல்ட் முனை பளபளவென்று தேய்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. தலைக்கு அடியில் ஒன்றிரண்டு வாஷர் போட்டாலே சரியாகிவிடும். இல்லையென்றால் குட்டையான எம்5 (5 மி.மீ. விட்டம்) போல்ட் வாங்குங்கள்.

ரொம்பக் குட்டையும் ஆபத்து. மரை முழுசாகப் பிடிக்காவிட்டால் மடிக்கணினிப் பையின் பாரத்தில் அலுமினிய ஃபிரேமின் மரையே பிய்ந்துவிடும். அப்புறம், பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் கடல்காற்றில் தினமும் ஓட்டுகிறீர்கள், ஸ்டெயின்லெஸ் போல்ட்டாகவே வாங்கிக் கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்குங்கள்.