உறைக்குத் துளி மோர்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் ஆறு பேர் சேர்ந்து, பெருந்துறைப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் தனித்திருக்கும் முதியவர்களை வியாழன்தோறும் பார்த்து வருகிறோம். ஒரு பாட்டி மட்டும் ‘எனக்கென்னுங்க குறை, போயிட்டு வாங்க’ என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறார். இந்தச் சேவைக்கு முறையான பயிற்சி தேவையா? (சுருக்கப்பட்டது)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னதை எழுதியிருந்தீர்கள். இருக்கட்டும், அந்தக் கணக்கோடு வாசலில் போய் நின்றால் யார்தான் உள்ளே கூப்பிடுவார்கள்?

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமார்களைப் பழக்கி, மனம் சோர்ந்து வருபவர்களோடு பெஞ்சில் அமர்ந்து பேச வைத்தார். நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு, ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறிய யோசனை, என்ற தங்கள் ஊர்ச் சொல்லையே பாட்டிமார் ஆண்டார்கள். நம் பக்கத்திலும் ‘தனிமை’ என்று எந்தப் பாட்டி சொல்கிறார்? ‘பொழுதே போகமாட்டேங்குது சாமி’ என்பார்கள். அது காதில் விழ ஒத்த வயது உதவும் என்பதால் நீங்கள் போவது சரிதான். போகிற விதம்தான் சரியில்லை.

அப்புச்சி போன பிறகு என் அம்மிச்சி காங்கயத்துக்குத் தெற்கே சாளையில் தனியாக இருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர், பொழுது சாயும் நேரத்தில் சின்னப் போசியோடு, ‘உறைக்குத் துளி மோர் வேணுங்க’ என்று நாள் தவறாமல் வருவார். அவருடைய கட்டுத்தரையிலேயே இரண்டு எருமைகள் கறந்துகொண்டிருந்தன. ஒரு கரண்டி மோர் ஊற்றிய போசி திண்ணையோரத்தில் எறும்பு மொய்க்கக் கிடக்கும். இருவரும் விளக்கு வைக்கும்வரை கடலைக்காய் தொலிப்பார்கள், பல நாள் பேச்சே இருக்காது. பத்து வயதுப் புத்திசாலியான நான் ஒருநாள், ‘உங்க வீட்டுலயே மோர் இருக்குதுல்லீங்க?’ என்று கேட்டுவிட்டேன். அம்மிச்சி என் தொடையைத் திருகிவிட்டு, ‘நம்மூட்டு மோருதான் அவிய பாலுக்கு நல்லா உறையும்’ என்றார். அந்தப் பெரியம்மா கொடுக்க வந்திருந்தால் அம்மிச்சி ஒரே வாரத்தில் அனுப்பியிருப்பார். கேட்டு வந்ததால், மோரை எடுத்து வைத்துவிட்டு வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்களோ, கடிதத்தில் எழுதியிருப்பதுபோல, ஆப்பிள் நிறைத்த பையும் ஒரே நிறச் சேலையும் கைபேசிப் படமுமாகப் போகிறீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டே பழகிய ஒருத்தியிடம் ஆறு பேர் நின்று பையை நீட்டினால், தான் கை நீட்டும் காலம் வந்துவிட்டது என்றுதானே அவர் எண்ணுவார்? ஆசிரியைக்கு இதுகூடவா தெரியாது?

பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்காவது முதியவர் அடிபடுவதோ பட்டினி கிடப்பதோ தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம். இந்த வியாழன் நீங்கள் ஒருவர் மட்டும் வெறுங்கையோடு போய், நார்த்தங்காய் ஊறுகாய்க்கு உப்பு எத்தனை பிடி என்று அந்தப் பாட்டியிடம் கேளுங்கள். தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.