வாசகர் கேள்வி – பதில்: குதிரையை விட்டு இறங்காத கறுப்பு வீரர்கள்

1970-களில் வெளிவந்த அமெரிக்கக் கறுப்பினக் கௌபாய் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிகள்தான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துள்ளேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் இரவெல்லாம் இந்தப் பழைய படங்களைத்தான் பார்க்கிறான். ஊர் என்று காட்டுவது நாலைந்து பலகைக் கட்டடங்கள். இரத்தம் என்று காட்டுவது சிவப்புச் சாயம். ஆனாலும் அவனோடு உட்கார்ந்த நானும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சிக்கனமாக எடுக்கப்பட்ட இந்தப் படங்களில் இன்றைய பிள்ளைகளைப் பிடித்து வைப்பது எது?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்களை எழுந்திருக்க விடாமல் வைத்த காட்சி எதுவென்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்தப் படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும் ஒரு காட்சியாகத்தான் அது இருக்க வேண்டும் என்பது என் ஊகம். புழுதி பறக்கும் தெருவில் கறுப்பர் இருவர் குதிரையில் மெதுவாக வருகிறார்கள்; மதுக்கடைத் திண்ணையில் நிற்கும் வெள்ளையர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்க்கிறார்கள்; வந்தவர்களோ எவருக்கும் தலை வணங்காமல், குதிரையை விட்டு இறங்காமல், தெருவின் நடுவிலேயே போகிறார்கள். அந்தத் தெருவையும் அந்தத் திண்ணையையும் நாம் நூறு கௌபாய் படங்களில் பார்த்திருக்கிறோம். அந்த நூறில் கறுப்பர் எவரேனும் தென்பட்டிருந்தால், அவர் பிறருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார், அல்லது சமையல் வண்டியில் உட்கார்ந்திருப்பார். இங்கே மாறியிருப்பது குதிரைமேல் இருக்கும் ஆள் மட்டும்தான். அந்த மாற்றத்துக்குப் பெரிய அரங்கமோ ஆயிரம் துணை நடிகர்களோ தேவைப்படவில்லை என்பதால்தான், கையில் பணமில்லாதவர்களாலும் அதைச் செய்ய முடிந்தது; பலகைக் கட்டடங்கள் ஆடினாலும் அந்தக் காட்சி இன்றுவரை ஆடாமல் நிற்கிறது.

இதன் பின்னணியைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் உங்கள் மகனின் ஆர்வம் புரியும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் கடும் நட்டத்தில் தவித்துக்கொண்டிருந்தன. 1971-இல் மெல்வின் வான் பீபிள்ஸ் தாமே எழுதி, இயக்கி, நடித்த ஒரு படம், தொடக்கத்தில் டெட்ராய்ட்டிலும் அட்லாண்டாவிலுமாக இரண்டே அரங்குகளில் வெளியாகி, பின்னர் போட்ட முதலைப் போலப் பல மடங்கு ஈட்டியது. அதே ஆண்டில் கோர்டன் பார்க்ஸ் இயக்கிய 'ஷாஃப்ட்' வென்றது. நகரங்களின் நடுப்பகுதி அரங்குகளில் கறுப்பினப் பார்வையாளர்கள் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்பது அதன் பிறகே முதலாளிகளின் கண்ணுக்குத் தெரிந்தது. மலிவாகவும் விரைவாகவும் எடுத்துத் தள்ளப்பட்ட அந்தப் படங்களுக்கு 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்', அதாவது கறுப்பரை வைத்துச் செய்யும் சுரண்டல், என்ற பெயர் 1972-இல் ஒட்டிக்கொண்டது. அப்பெயரைச் சூட்டியவராகக் கருதப்படும் ஜூனியஸ் கிரிஃபின், கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைத் தலைவராக இருந்தவர். தம் இனத்து இளைஞர்களை ரவுடிகளாகவும் போதைப்பொருள் வியாபாரிகளாகவும் காட்டிப் பணம் பண்ணுகிறார்களே என்ற அவருடைய கோபம் நியாயமானது. அதை மறைத்துவிட்டு இந்தப் படங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், நகரத்துக் கதையிலிருந்து கௌபாய் கதைக்கு வந்தபோது அந்தக் குறை பெருமளவு குறைந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஏனெனில் இங்கே கதாநாயகன் பெரும்பாலும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவனாகவோ, சட்டத்தைத் தன் கையால் நிலைநாட்டுபவனாகவோ வருகிறான்.

இந்த வகையின் முகம் ஃபிரெட் வில்லியம்சன். 1938-இல் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் பிறந்து, அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் 'சுத்தியல்' என்ற பட்டப்பெயரோடு புகழ்பெற்று, பிறகு நடிக்க வந்தவர். ஒரு படத்தில் ஒப்பந்தமாவதற்கு அவர் மூன்று நிபந்தனைகள் வைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: தாம் சாகக்கூடாது, எல்லாச் சண்டையிலும் தாமே வெல்ல வேண்டும், முடிவில் நாயகி தம்முடன் வரவேண்டும். கேட்பதற்கு அகந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு முந்தைய படங்களில் கறுப்பர் வேடம் என்றாலே, வெள்ளைக் கதாநாயகனைக் காப்பாற்றிவிட்டு முதலில் செத்துப்போகிற வேடம் என்றே இருந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த நிபந்தனைகளில் ஒரு சமூகத்தின் ஏக்கம் ஒலிப்பது கேட்கும். எம்.ஜி.ஆர். திரையில் இறந்துபோனால் தாங்கிக்கொள்ள முடியாமல் அரங்கைவிட்டுக் கண்ணீரோடு வெளியேறிய பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இன்றைய பிள்ளைகள் இந்தப் படங்களுக்குப் பின்வாசல் வழியாக வருகிறார்கள். 2012-இல் வந்த டாரன்டினோவின் 'ஜாங்கோ அன்செயின்ட்', 2021-இல் ஜேம்ஸ் சாமுவேல் இயக்கி நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஹார்டர் தே ஃபால்' ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இவற்றுக்கு மூலம் எங்கே என்று தேடிப் போகிறார்கள். புதிய படங்களில் ஒளியும் உடையும் ஒலியும் குறையே இல்லாமல் இருக்கின்றன. ஆனால் அவற்றை எடுத்தவர்களுக்கு அச்சப்பட ஏதும் இல்லை. பழைய படங்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. 1972-இல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டத்துக்கு எட்டு வயதுதான். அந்த நாளில் ஒரு கறுப்பர் திரையில் வெள்ளை அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார் என்றால், அரங்கில் இருந்தவர்களின் மூச்சு ஒரு கணம் நின்றிருக்கும். வசனம் தடுமாறினாலும் காட்சி வெட்டுப்பட்டுத் தாவினாலும் அந்தப் பதற்றம் படச்சுருளில் பதிந்து கிடக்கிறது. உங்கள் மகன் போன்றவர்கள் அதைத்தான் உணர்கிறார்கள் என்று நம்புகிறேன். குறைகளைப் பார்த்துச் சிரிப்பதற்காக இவற்றைப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் சிரிப்பதற்காக வந்தவர் இரவெல்லாம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஒன்றைமட்டும் மகனோடு பேசுங்கள். இவற்றில் பல படங்கள் பெண்களை நடத்தும் விதம் சரியில்லை. நாயகனுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: இந்தப் படங்களில் சிலவற்றின் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தை வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பது முறையா?
— வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: நீங்கள் பினாங்கிலிருந்து இதைக் கேட்பது பொருத்தமானது. உங்கள் ஊரில், 1801-இல் நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில், நம்மவரைக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மதிப்போடு நிற்கிறது. அதே சொல்லை ஒருவர் சாலையில் நம் பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் நம் முகம் எப்படி மாறுகிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. சொல்லின் எடை, அதை யார் வாயிலிருந்து யாரை நோக்கி வீசுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

நீங்கள் குறிப்பிடும் தலைப்புகளில் முக்கியமான ஒன்று, வில்லியம்சன் தாமே எழுதித் தயாரித்து 1975-இல் வெளிவந்தது. இயக்கியவர் ஜாக் ஆர்னால்ட், 1950-களில் அறிவியல் கற்பனைப் படங்களுக்குப் பேர்போனவர். கதையில், வெகுமதிக்காகக் குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கும் இரண்டு கறுப்பர்கள், காவல் அதிகாரி இல்லாத ஓர் ஊருக்கு வந்து, தாங்களே அப்பதவியை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அவ்வூரில் கறுப்பர்களை அந்தச் சொல்லால் அழைப்பவருக்குத் தண்டனை என்று சட்டம் போடுகிறார்கள். தலைப்பில் அந்த வசையை எழுதிவிட்டு, உள்ளே அதற்கே தண்டனை விதிக்கும் கதை அது. பிற்காலத்தில் அந்தச் சொல்லை நீக்கி, 'பாஸ்' என்ற பெயரில் குறுந்தகடாக விற்றார்கள். நானும் அப்பெயரையே பயன்படுத்துவேன், ஏனெனில் அந்த வசை என் நாக்கில் வருவதற்கு எனக்கு உரிமை இல்லை. வளர்ந்த பிள்ளைகளோடு பாருங்கள். ஆனால் படத்தைப் போடுவதற்கு முன்பே, அச்சொல்லின் வரலாற்றைச் சொல்லிவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு, சொல்லுக்காக மட்டுமன்றி வன்முறைக்காகவும், இது ஏற்றதன்று.

கேள்வி: உண்மையில் கறுப்பினக் கௌபாய்கள் இருந்தார்களா, அல்லது இது சினிமாக்காரர்களின் கற்பனையா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: இருந்தார்கள், ஏராளமாக இருந்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் எடுத்தாளும் மதிப்பீடு. 1854-இல் அடிமையாகப் பிறந்து மாடு மேய்த்த நாட் லவ், 1907-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாகவே எழுதினார். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பாஸ் ரீவ்ஸ். ஆர்கன்சாவில் அடிமையாகப் பிறந்த இவர், 1875 முதல் இன்றைய ஓக்லஹோமா பகுதியில் துணை மார்ஷலாக நெடுங்காலம் பணியாற்றினார். எழுதப் படிக்கத் தெரியாது. பிடியாணைகளைப் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எந்தத் தாள் யாருக்குரியது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு கிளம்புவார். 1910-இல் காலமான அவரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் 2023-இல்தான் வந்தது. 1937 முதல் 1939 வரை ஹெர்ப் ஜெஃப்ரீஸ் என்ற பாடகர் நடித்த கறுப்பினக் கௌபாய் படங்கள் வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, கற்பனை செய்தவர்கள் வெள்ளையர்களை மட்டுமே குதிரையில் ஏற்றிய பெரிய நிறுவனங்கள்தாம். 1970-களின் எளிய படங்கள் பல இடங்களில் வரலாற்றுக்கு நெருக்கமாகவே இருக்கின்றன.

கேள்வி: ஜெய்சங்கர் நடித்த கௌபாய் படங்களுக்கும் இவற்றுக்கும் ஏதேனும் உறவு உண்டா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தூரத்து உறவு. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' 1972-இல் வந்தது. கறுப்பினக் கௌபாய் படங்கள் தலையெடுத்ததும் அதே ஆண்டில்தான். இருவருக்கும் இத்தாலியக் கௌபாய் படங்களே பாட்டனார். ஆனால் நமக்குத் தொப்பியும் குதிரையும் விளையாட்டு வேடம். கௌபாய் காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்த மகிழ்ச்சியின் நீட்சி. அவர்களுக்கோ அது பாட்டன் வாழ்ந்த நிலம்.

கேள்வி: தோட்டத்தில் பிறந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த வரிசையில் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேகமும் வேடிக்கையும் வேண்டுமென்றால், ஜிம் பிரவுனும் வில்லியம்சனும் கராத்தே வீரர் ஜிம் கெல்லியும் இணைந்து நடிக்க, இத்தாலியரான அன்டோனியோ மார்கெரிட்டி கேனரித் தீவுகளில் எடுத்த 'டேக் எ ஹார்ட் ரைட்' (1975) போதும். ஆணுக்கு நிகராகத் துப்பாக்கி ஏந்தும் பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால், வொனெட்டா மெக்கீ நடித்த 'தாமசின் அண்ட் புஷ்ராட்' (1974) இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு நான் எடுத்து வைப்பது, சிட்னி பாய்ட்டியே நடித்து முதன்முறையாக இயக்கிய 'பக் அண்ட் தி பிரீச்சர்' (1972). இது பெரிய நிறுவனத்தின் படம்; மலிவுப் படம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் மற்றப் படங்கள் அரைகுறையாகச் சொன்னதை இது முழுமையாகச் சொல்கிறது.

விடுதலை பெற்ற அடிமைகள் லூசியானாவின் தோட்டங்களை விட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே புறப்படுகிறார்கள். வேலைக்கு ஆள் இல்லாமல் போகுமே என்று தோட்ட முதலாளிகள் கூலிப்படையை ஏவுகிறார்கள். அவர்கள் வந்து உணவைப் பாழாக்கி, சேமித்த பணத்தைப் பறித்து, மக்களைப் பழைய தோட்டத்துக்கே திருப்பி ஓட்டப் பார்க்கிறார்கள். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழியும்வரை, தோட்டத்தை விட்டு ஓடியவரைக் குற்றவாளியாகப் பிடித்து வந்த கதைகளை உங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள் என்றால், அந்தக் காட்சிகளைப் பார்க்க உங்களுக்கு வசன விளக்கம்கூடத் தேவைப்படாது. 2022-இல் கிரைட்டீரியன் நிறுவனம் இதைத் தூய்மையான பிரதியாக வெளியிட்டிருப்பதால், நல்ல தரத்தில் பார்க்க வழி இருக்கிறது.

அதில் ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். பூர்வகுடித் தலைவரிடம் போய், தம் மக்களுக்குத் துப்பாக்கிகள் தரும்படி பாய்ட்டியே ஏற்றுள்ள பக் கேட்கிறார். தலைவர் மறுக்கிறார்: நீ படையில் இருந்தபோது எங்களுக்கு எதிராகத்தானே போரிட்டாய் என்பது அவருடைய வாதம். பக்கிடம் அதற்கு மறுமொழி இல்லை. துப்பாக்கி கிடைக்கவில்லை, தம் நிலத்தின் வழியே கடந்து போவதற்கு மட்டும் அவர்கள் இடம் கொடுக்கிறார்கள்.