நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்காக வயலை விற்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியை. கணவருக்கு நுரையீரல் நார்த்தடிப்பு, வீட்டில் ஒட்சிசனில் இருக்கிறார். சென்னைக்குப் போய், நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பொருத்தமானவரா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். இரண்டு ஏக்கர் வயல், 18 பவுன் நகை, தனியார் வேலையில் அவர் சேர்த்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இருக்கின்றன. கனடாவில் மாமா உதவுவதாகச் சொல்கிறார். வயலைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். கொடுக்கவா?

பதில்: இப்போது வேண்டாம், தங்கச்சி. முதலில் நடக்கப்போவது மதிப்பீடு மட்டும்தான். சி.டி. ஸ்கேன், இதய அழுத்தப் பரிசோதனை, ஆறு நிமிட நடை, பல், எடை, கூட இருந்து பராமரிக்க ஆள் உண்டா என்பது வரை பார்ப்பார்கள். எல்லாம் முடிந்து "சரிவராது" என்றோ "இன்னும் காலம் இருக்கிறது" என்றோ சொல்லவும் கூடும். மதிப்பீட்டுச் செலவை மட்டும் தனியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த அளவுக்கு நகையில் கொஞ்சத்தை அடகு வைத்தால் போதும்.

வயல் அனுமதிப்பத்திரக் காணியா, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்றும் பாருங்கள். வன்னியில் பலருக்கு அதுதான். பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் அதை விற்க முடியாது. அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கைமாற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

குடும்பங்கள் உடைந்துபோவது காத்திருப்புக் காலத்தில்தான். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு இந்தியாவில் முதலில் இந்தியருக்கே, வெளிநாட்டவரின் முறை கடைசியில்தான் வரும். காசு கூடக் கட்டினாலும் வரிசை மாறாது. மாற்றித் தருகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர். எடுத்த நுரையீரல் சில மணி நேரமே தாங்கும் என்பதால், அழைத்தவுடன் போகக்கூடிய தூரத்தில் வீடு எடுத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. வாடகை, சாப்பாடு, விசா நீட்டிப்பு, உங்கள் சம்பளமில்லா விடுமுறை எல்லாவற்றையும் ஒரு மாதக் கணக்காகப் போட்டு, ஒரு வருடத்துக்காவது தாங்குமா என்று பாருங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்தாலும் புதிய நுரையீரலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்க நிறுத்த முடியாது. அதனால் கனடா மாமாவிடம் மொத்தமாகக் கேட்காமல், மாதாமாதம் இவ்வளவு என்று கேட்பதே நல்லது என்பேன். மொத்தக் காசு முதல் பில்லோடு கரைந்துவிடும்.

ஈ.பி.எஃப்.இல் மருத்துவத் தேவைக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. தகுதி இருக்கிறதா என்று தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். இனி வேலையே செய்ய முடியாது என்று மருத்துவச் சான்றிதழ் கிடைத்தால் முழுவதையும் கோரலாம். ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அரச பாடசாலை ஆசிரியை என்றால், அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி கணவருக்கும் உண்டு. வெளிநாட்டுச் செலவில் எதைத் தரும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று, கரண்ட் பில். ஒட்சிசன் இயந்திரம் 350 வாட் என்றால், நாள் முழுக்க ஓடினால் மாதம் 250 அலகு. 180ஐத் தாண்டினாலே மிக உயர்ந்த கட்டணப் படி. அதையும் கணக்கில் சேருங்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. ஆனால் சொந்த ஒட்சிசன் சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். கையடக்க இயந்திரத்துக்கு விமான நிறுவனத்தின் அனுமதியும் டொக்டரின் கடிதமும் தேவை. அவை கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.