மகாராணி சுரண்டிய முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்டோரியா மகாராணி தன் ஐந்து பிள்ளைகளோடு இருக்கும் 1852ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். பிள்ளைகளின் முகங்கள் தெளிவாக இருக்கின்றன. ராணியின் முகத்தை மட்டும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். முடியாட்சியை வெறுத்த எவனோ செய்த வேலை என்கிறார் நண்பர். அப்படித்தானா?

கே.

அன்புள்ள கே.,

சுரண்டியது மகாராணியேதான்.

அந்த ஆண்டு ஜனவரி 17 அன்று வில்லியம் கில்பர்ன் எடுத்த படம் அது. ராணியின் கண்கள் மூடியபடி பதிந்துவிட்டன. பிள்ளைகள் அழகாக விழுந்திருக்கிறார்கள், என்னுடையதுதான் கோரம் என்று அன்றே நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் படமெடுக்கச் சில வினாடிகளாவது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். ஒருமுறை கண் இமைத்தால் அது பதியாது. ஆக, சற்று நேரம் மூடியே இருந்திருக்கிறார். வெளிச்சம் கூசியிருக்கலாம் என்பது என் ஊகம்.

அது டாகுரோடைப் படம். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை முகம் தெரிய மெருகேற்றி, அயோடின் ஆவி காட்டி, படமெடுத்த பின் பாதரச ஆவியில் துலக்குவார்கள். நெகட்டிவ் கிடையாது, தகடுதான் படம். விரலால் தேய்த்தாலே உருவம் போய்விடும் என்பதால் கண்ணாடி போட்டு மூடிவைப்பார்கள். பிடிக்காத முகத்தை இல்லாமல் ஆக்கிவிட அவருக்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. தகட்டையே தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் பிள்ளைகள்தான் நன்றாக விழுந்திருந்தார்களே!

இரண்டு நாள் கழித்து மறுபடி கில்பர்ன் முன் உட்கார்ந்தார். இம்முறை பக்கவாட்டில் திரும்பி, முகம் பாதி மறைய அகன்ற தொப்பியோடு. எனக்கு இந்தப் படம்தான் அதிகம் பிடிக்கும். 1860இல் மேயால் என்ற புகைப்படக்காரர் எடுத்த அரச குடும்பப் படங்கள் அட்டையில் ஒட்டிய காகிதப் பிரதிகளாகக் கடைக்கு வந்துவிட்டன. அவற்றை யாரும் சுரண்டித் தீர்க்க முடியாது.

நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். 1848 ஏப்ரல் 10 அன்று லண்டன் கென்னிங்டன் திடலில் வாக்குரிமை கேட்டு சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கத்தினர் திரண்டார்கள். கலகம் வெடிக்குமோ என்ற அச்சத்தில் அரச குடும்பம் முன்கூட்டியே வைட் தீவுக்குப் போயிருந்தது. அந்தக் கூட்டத்தைத் தகட்டில் பிடித்தவரும் இதே கில்பர்ன்தான். அந்தப் படங்களை ராணியின் கணவர் ஆல்பர்ட் வாங்கி வைத்துக்கொண்டார். அவற்றில் ஒரு முகம்கூடச் சுரண்டப்படவில்லை.