வென்ற நவாப் ஏன் நாட்டை இழந்தார்?

"கர்நாடகப் போரில் முகமது அலி ஜெயித்த பக்கம்தானே, அப்புறம் ஆற்காடு எப்படி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான குழப்பம். போர்களை மட்டும் வரிசையாகப் படித்தால் விடை கிடைக்காது, கடன் கணக்கைப் பாருங்கள்.

1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டதும் மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகமது அலிக்கு ஆங்கிலேயர். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். சரி, பட்டம் உறுதியானது. ஆனால் ஆங்கிலேயப் படைச் செலவு நவாபின் தலையில் விழுந்தது. கையில் பணமில்லை. வரி வருவாயை ஈடாகக் காட்டி, கம்பெனி அதிகாரிகளிடமே தனியாக வட்டிக்கும் வாங்கினார். வட்டி கட்டவே மேலும் கடன். என்னைக் கேட்டால், உண்மையான தோல்வி இங்கேதான் நடந்தது.

நவாப் கம்பெனியோடு செய்த 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிப்பதும் கம்பெனிக்குப் போனது. கட்டபொம்மனிடம் ஆங்கிலேயக் கலெக்டர் கப்பம் கேட்டது இதனால்தான். இந்த இணைப்பை விட்டுவிடாதீர்கள். 1801இல் நிர்வாகமும் போனது. முகமது அலியின் வாரிசுக்கு மிஞ்சியது பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான்.